சக்கரச் சாமியும் சுக்கிர டயரும்

செவ்வாயும் வெள்ளியும் வந்துவிட்டால் சந்தவாசல் கடைத்தெருவில் ஈ நுழைய இடம் இருக்காது. கார், வேன், டிராக்டர், பால் வண்டி என்று ரோட்டோரம் முழுக்க வரிசை. பஸ் டிரைவர் ஹாரன் அடித்து அடித்து அலுத்துப்போய், இறங்கி டீ குடிக்கப் போய்விடுவார். வெளியூர்க்காரன் எவனாவது வந்தால், ஏதோ கும்பாபிஷேகம் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வான். அப்படி ஒன்றும் இல்லை ஐயா. ஜனங்கள் டயர் மாற்ற வந்திருக்கிறார்கள்.

டயர் மாற்ற இவ்வளவு கூட்டமா என்று கேட்டால் நீங்கள் விவரம் தெரியாதவர். ரப்பர் டயரை எவன் வேண்டுமானாலும் விற்பான். ராசியான டயரை எடுத்துக் கொடுக்க உலகத்திலேயே ஒருவர்தான் இருக்கிறார். அவர்தான் சக்கரச் சாமி.

சாமி முதலில் மனைக்கட்டு விற்றார். பிறகு பழைய பைக் விற்றார். இரண்டிலும் ஜனங்கள் கேள்வி கேட்டுத் தொல்லை கொடுத்தார்கள். காவி கட்டியதும் கேள்வி நின்றுவிட்டது. டயர் கடை அவருடைய மச்சான் ரஞ்சித்துக்குச் சொந்தம். இதில் என்ன தப்பு? கோயில் வாசலில் தேங்காய்க் கடை இருப்பதில்லையா?

சாமி கண்டுபிடித்த ரகசியம் இதுதான். எந்த டயரின் பக்கவாட்டிலும் இங்கிலீஷ் எழுத்துகள் நீளமாக ஓடும். அதன் கடைசியில் ஒரு சின்ன முட்டை வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. சாமிக்குத் தெரியும். அது டயரின் ஜாதகம்! நான்கையும் கூட்டினால் கிரகம் வந்துவிடும். ஆறு வந்தால் சுக்கிரன், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நாலு வந்தால் ராகு, பக்கத்திலேயே போகக்கூடாது. கணக்கு சரிதானா என்று அம்மனிடம் கேட்க ஒரு எலுமிச்சம்பழம். நூலில் கட்டி டயருக்கு மேலே பிடிப்பார். பழம் சுற்றினால் உத்தரவு. ஆடாமல் நின்றால் மறுப்பு. நூலைப் பிடித்திருப்பது யாருடைய விரல் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

இந்தக் கூட்டத்தில் அன்றைக்கு அருண்ராஜும் நின்றான்.

அருண்ராஜ் மலைக்காரன். ஜமுனாமரத்தூருக்கு அந்தப் பக்கம் ஊர். சாமையும் புளியும் விளைவித்துக் கீழே கொண்டுவந்து விற்பவன். இரண்டு வருஷத்துக்கு முன் பழைய எஸ்யூவி ஒன்று வாங்கினான். பெரியது இல்லை, சின்ன வகை. மூட்டையும் ஏறும், முகூர்த்தத்துக்கும் போகலாம். அவன் முட்டாள் இல்லை. மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்து மழை எத்தனை விரல் இறங்கியிருக்கிறது என்று சொல்லுவான். ஆனால் பயந்தவன். பயந்தவனுக்கும் சாமிக்கும் நடுவில் தூரம் ரொம்பக் குறைவு.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அவன் பெண்டாட்டி கோகிலவாணிக்கு இது எட்டாம் மாதம். முதல் பிள்ளை. பிரசவத்துக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐப்பசி மழை வேறு பிடித்துக்கொண்டது. போன வாரம் செக்கப்புக்குப் போய்த் திரும்பும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி சோப்பில் கால் வைத்தது போல வழுக்கிவிட்டது. பிரேக்கை மிதித்தான், நிற்கவில்லை. சாலையோரக் கல்லில் இடித்துத்தான் நின்றது. அந்தப் பக்கம் வெறும் பள்ளம். வாணி வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறங்கிப் பார்த்தால் நாலு டயரும் மொட்டை. ரோட்டைப் பிடிக்கிற பட்டன் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே இல்லை. அன்று முதல் அவனுக்குத் தூக்கம் போயிற்று.

"நல்ல டயரா போடணும் வாணி. ராசியான டயரா."

"நல்ல டயர்னா இன்னா, ராசியான டயர்னா இன்னா? ரெண்டும் ஒண்ணா?" என்றாள் வாணி. அவள் மலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுப்பவள். அட்டையைத் திருப்பித் தேதி பார்க்காமல் ஒரு மாத்திரையைக் கூடத் தரமாட்டாள். வீட்டில் பிஸ்கட் பாக்கெட்டும் அந்தச் சோதனையில் தேறித்தான் உள்ளே வரவேண்டும்.

"சாமி சொன்னா தப்பாதாம்."

"சாமி வண்டி ஓட்டுமா?"

"நீ சும்மா வா. வழியில எதுவும் பேசாத. அங்க போய்ட்டு சுத்தமா பேசாத."

அப்படித்தான் இருவரும் வந்து சேர்ந்தார்கள்.

வரிசையில் அவர்களுக்கு முன்னால் நின்றவர் காவலூரிலிருந்து வந்த வேன்காரர் சின்னதம்பி. காவலூர் தெரியுமல்லவா? ராத்திரியெல்லாம் பெரிய குழாய் வைத்து வானத்தைப் பார்க்கிற ஊர். அந்த ஊர்க்காரர் தன் வேனுக்கு என்ன நட்சத்திரம் என்று கேட்க மலையிறங்கி சந்தவாசலுக்கு வந்திருந்தார். பின்னால் நின்றவள் குப்பம்மாள். சொந்த டிராக்டர், சொந்த நிலம், சொந்த வாய். ஊரில் எவனும் அவளை ஏமாற்ற முடியாது, சாமியைத் தவிர.

"ரெண்டாவது வாட்டி வர்றேம்மா. போன வருஷம் சாமி குடுத்த டயரு, எட்டு மாசத்துல வெடிச்சுப் போச்சு" என்றாள் குப்பம்மாள்.

"வெடிச்சுதா? அப்புறம் எதுக்குங்க மறுபடியும் வர்றீங்க?" என்றாள் வாணி.

"ஒழவு ஓட்டாத நேரத்துல வெடிச்சுது பாரு! ஓட்டும்போது வெடிச்சிருந்தா? சாமி காப்பாத்திடுச்சு."

வாணி புருஷனைப் பார்த்தாள். அருண்ராஜ் வேறு பக்கம் பார்த்தான்.

ரஞ்சித் கெட்டிக்காரன். முறை வந்ததும் முதல் வேலையாக வண்டியை ஜாக்கியில் தூக்கி நாலு டயரையும் கழற்றி ஓரமாகப் போட்டுவிடுவான். வண்டி காலில்லாமல் நிற்கும்போது எவனும் "யோசித்து நாளைக்கு வருகிறேன்" என்று சொல்ல முடியாதல்லவா?

சாமி எழுந்து வந்தார். கழுத்தில் உருத்திராட்சம், நெற்றியில் பட்டை, மணிக்கட்டில் காலடிகளை எண்ணுகிற கைக்கடிகாரம். ரஞ்சித் புது டயர்களை உருட்டி வந்து வரிசையாகப் படுக்க வைத்தான்.

சாமி முதல் டயரைக் குனிந்து பார்த்தார். "ரெண்டு, நாலு, ரெண்டு, அஞ்சு. கூட்டு எவ்ளோ? பதிமூணு. ஒண்ணும் மூணும் நாலு. ராகு! மலை வளைவுல வாயைப் பொளந்துக்கினு நிப்பான். தூக்குடா இத்த."

கூட்டம் "அய்யோ" என்று இரண்டடி பின்னால் போனது. ரஞ்சித் அந்த ராகுவைக் கடையின் மூலைக்கு உருட்டினான்.

அடுத்தது. "மூணு, நாலு, ஒண்ணு, ஏழு. பதினஞ்சு. ஒண்ணும் அஞ்சும் ஆறு. சுக்கிரன்!" கண்ணை மூடினார். எலுமிச்சம்பழம் இறங்கியது. தயங்கியது. பிறகு சுற்றியது பாருங்கள், அப்படி ஒரு சுற்று. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"இது ஆண் டயரு. முன்னால போடு. பொண்ணு டயரு ரெண்டு எடுத்துப் பின்னால போடு. புருஷன் முன்னால போனா பொஞ்சாதி பின்னால வருவா. குடும்பம் கவுறாது."

வாணிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "சாமி, அப்போ ஸ்டெப்னி யாருங்க? மாமியாரா?"

நாலைந்து பேர் சிரித்துவிட்டு உடனே பயந்து வாயை மூடிக்கொண்டார்கள். அருண்ராஜ் பாய்ந்து வந்தான். அவளை ஓரமாக இழுத்தான். "பேசாதன்னு சொன்னேனா இல்லியா?"

"பேசலைன்னா செத்துப் போவோம்ங்க" என்றாள் வாணி. அவள் குரலில் விளையாட்டு இல்லை. "அந்த நம்பரு ஜாதகம் இல்ல. டயரு செஞ்ச தேதி. முன்னால ரெண்டு எத்தனையாவது வாரம்னு, பின்னால ரெண்டு எந்த வருஷம்னு. வண்டி வழுக்கின அன்னிக்கே போன்ல தேடிப் படிச்சேன். ஒரு எடத்துல இல்ல, நாலு எடத்துல. மூணு நாலு ஒண்ணு ஏழுன்னா ரெண்டாயிரத்துப் பதினேழு. எட்டு வருஷப் பழசு. ஓட்டாம வெச்சிருந்தாலும் ரப்பரு இறுகிப் போவும். மழையில பிடிக்காது. அவரு ராகுன்னு தள்ளினது இந்த வருஷம் செஞ்சது."

"நீ மாத்திரை பாக்கறவ. டயரு உனக்கு இன்னா தெரியும்? இவ்ளோ ஜனம் முட்டாளா?"

"அத்த நான் சொல்லல. நீங்கதான் சொல்றீங்க."

அருண்ராஜ் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். யாரை நம்புவது? இந்தப் பக்கம் இவ்வளவு கூட்டம், இவ்வளவு குங்குமம். அந்தப் பக்கம் தனியாக ஒருத்தி, வயிற்றைத் தள்ளிக்கொண்டு. நெஞ்சுக்குள் அந்தக் கல்லும் பள்ளமும் வந்து போயின.

"சரி, அவரு சொல்றது நெசமா பொய்யான்னு கேட்டுப் பாக்கலாம். கேட்டா இன்னா கெட்டுப் போவுது?" என்றாள் வாணி. பதிலுக்குக் காத்திருக்காமல் சாமியின் முன்னால் போய்ப் பவ்வியமாக நின்றாள். "சாமி, நீங்க கண்ணை மூடிக்கினுதானே பாக்கறீங்க?"

"நான் எங்கம்மா பாக்கறேன்? அம்மன் பாக்கறா. எனக்கு எதுக்கு கண்ணு? டயரைக் குழி தோண்டிப் புதைச்சு வெச்சாலும் இந்தப் பழம் சொல்லும்!" என்றார் சாமி. வெள்ளிக்கிழமைக் கூட்டம் கொடுத்த தெம்பு.

"எனக்கு ஒரு ஆசை சாமி. நாலு டயரையும் கோணியைப் போட்டு மூடி வெக்கறோம். நீங்க அந்தாண்ட திரும்பிக்கினு இருங்க. மூடினப்புறம் வந்து, எது எப்படின்னு பழத்தைக் கேட்டுச் சொல்லணும். மாசமா கீறவ ஆசைப்பட்டுக் கேட்கறேன்."

அங்கேதான் சாமி மாட்டினார். எங்கள் பக்கத்தில் பிள்ளைத்தாச்சி ஆசைப்பட்டதை மறுத்தால் அந்தப் பாவம் ஏழு ஜென்மத்துக்கும் விடாது என்பார்கள். சாம்பலைத் தின்கிறேன் என்றாலும் நல்ல சாம்பலாகப் பார்த்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மூட நம்பிக்கையிலேயே பிழைத்தவருக்கு இன்னொரு மூட நம்பிக்கை வந்து குறுக்கே படுத்துக்கொண்டது.

"இன்னைக்கு நாள் சரியில்லம்மா, அஷ்டமி…" என்று சாமி ஆரம்பித்தார்.

"புள்ளத்தாச்சி கேட்குது சாமி!" குப்பம்மாள் குரல் கொடுத்தாள். "வாய் விட்டுக் கேட்டுடுச்சு. மறுக்காத. உனக்கு இது பெரிய காரியமா? கண்ணாலியா பாக்கற நீ?"

"செஞ்சு காட்டு சாமி!" என்று கூட்டமே கத்தியது. பக்தர்கள்தான். சாமியின் சக்தியில் அவர்களுக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. சந்தேகம் இருந்தது சாமிக்கு மட்டும்தான்.

வேறு வழி? சாமி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். ஒருத்தர் அவர் தலைக்கு மேல் துண்டைப் போர்த்திவிட்டார். புளி மூட்டைக்கென்று வண்டியில் வைத்திருந்த காலிக் கோணிகளை அருண்ராஜ் எடுத்து வந்தான். ரஞ்சித் டயரைத் தொட வந்தபோது வாணி கை காட்டித் தடுத்தாள். புருஷனைக் கூப்பிட்டு, ஓரமாகக் கிடந்த நாலு மொட்டை டயரைக் காட்டினாள். அவர்கள் வண்டியிலிருந்து கழற்றிப் போட்டது.

அருண்ராஜ் ஒரு கணம் நின்றான். தெய்வ குற்றம் ஆகிவிடுமோ? பிறகு, கல்லில் இடித்தபோது வாணியின் முகம் இருந்த இருப்பு நினைவுக்கு வந்தது. போய்த் தானே முதல் மொட்டையைத் தூக்கினான். புது டயர்களை வெளியே தள்ளிவிட்டு நாலு பழசையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் மேலும் கோணியைப் போட்டு மூடினான்.

"நாலும் பழசு! பாரு, சாமி பட்டுனு சொல்லிடும்" என்று குப்பம்மாள் சின்னதம்பியின் காதில் ஓதினாள். சத்தம் போட்டுச் சொன்னால் சாமிக்கு உதவி செய்ததாகிவிடும், சாமிக்கு அவமானம் என்று அவளுக்கு எண்ணம். அடடா, என்ன பக்தி! ரஞ்சித் மட்டும் விடாமல் இருமினான். "தண்ணி குடி தம்பி" என்று அவனைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தார்கள்.

சாமி வந்தார். துண்டை எடுத்தார்கள். ரஞ்சித் கண்ணை உருட்டினான், மூக்கைச் சொறிந்தான். மச்சான் ஏதோ சொல்கிறான் என்று தெரிந்தது, என்னவென்றுதான் தெரியவில்லை. சாமி கண்ணை மூடினார்.

முதல் கோணி. பழம் சுற்றியது. "சுக்கிரன்! அம்மன் சம்மணம் போட்டு உக்காந்துக்கினு கீறா. கன்னி டயரு. இன்னும் ரோட்டையே பாக்காதது."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆனந்தம் போலிருக்கிறது என்று சாமி நினைத்துக்கொண்டார். தெம்பாக அடுத்த கோணிக்கு வந்தார். பழம் சும்மா நின்றது. "ராகு. புத்தம் புதுசுதான், ஆனா ஆவாது." மூன்றாவது மறுபடியும் சுக்கிரன், அதுவும் உச்சத்தில். நாலாவதுக்கு மேல் பழம் வட்டம் போட்டு நீளமாக ஆடியது. "குரு பார்வை! இத்தப் போட்டா மழையில சிங்கம் மாதிரி மலை ஏறும். எழுதி வெச்சுக்கோ."

குப்பம்மாளின் முகம் மெல்ல மெல்ல மாறியது. அவளே போய் நாலாவது கோணியைப் பிடித்து இழுத்தாள்.

சிங்கம் படுத்திருந்தது. தலையில் ஒரு மயிர் கிடையாது. ஓரத்தில் கம்பி வேறு எட்டிப் பார்த்தது. கன்னி டயரின் கோணியை வாணி தூக்கினாள். ரோட்டையே பாராத அந்தக் கன்னியின் உடம்பில் இரண்டு பஞ்சர் ஒட்டு.

கடைத்தெருவே சிரித்தது. பஸ் டிரைவர் டீயைக் கொட்டிக்கொண்டு சிரித்தார். சாமி கண்ணைத் திறந்தார். ஆனாலும் மனுஷனைப் பாராட்டத்தான் வேண்டும், உடனே சமாளித்தார்.

"சோதிக்கறவங்க மனசுல அழுக்கு! அந்த அழுக்கு பட்டு நல்ல டயரு மொட்டையா மாறிடுச்சு!"

"அப்டியா சாமி? அப்போ ஒருவாட்டி புதுசா மாத்திக் காட்டு" என்றாள் குப்பம்மாள். "நான் இங்கியே நிக்கறேன்."

சாமி பழத்தை நூலோடு சுருட்டி மடியில் சொருகிக்கொண்டார்.

இப்போதுதான் வாணி அந்த நாலு எண்ணின் கதையைக் கூட்டத்துக்குச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் எல்லாரும் அவரவர் வண்டிக்குக் கீழே குந்திவிட்டார்கள். போன் வெளிச்சம் அடித்து, எச்சில் தொட்டுத் துடைத்து, எண்ணைத் தேடினார்கள். "என்னுது பதினாறு!" "அய்யய்யோ, எனக்குப் பதினஞ்சு!" ஒரு கடையில் வருஷக்கணக்காக விற்காமல் கிடந்த பழைய சரக்கை ரஞ்சித் மொத்தமாக வாங்கிக் குடோனை நிரப்பியிருந்த சங்கதி அப்போதுதான் வெளியே வந்தது. சுக்கிரன் ஏன் எப்போதும் பழைய டயரிலேயே குடியிருந்தான் என்று புரிந்ததா?

காவலூர் சின்னதம்பி மட்டும் கடைக்குப் பின்பக்கம் போனார். அங்கே சாமியின் சொந்தக் கார் நின்றது. குனிந்து ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்தார். பிறகு அங்கிருந்தே கத்தினார். "எல்லாரும் இங்க ஓடியாங்க! சாமி வண்டியில நாலும் ராகு! நாலும் இந்த வருஷத்து டயரு!"

ஜனங்கள் பின்பக்கம் ஓடினார்கள். சாமி முன்பக்கம் ஓடினார். கைக்கடிகாரம் அன்றைக்கு நிறையக் காலடிகளை எண்ணியிருக்கும். ரஞ்சித்தால் ஓட முடியவில்லை. எல்லா டயரையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று ஊர் முன்னால் ஒப்புக்கொண்ட பிறகுதான் விட்டார்கள்.

அருண்ராஜ் மூலையில் தள்ளியிருந்த ராகுக்களை ஒவ்வொன்றாகத் தானே உருட்டி வந்தான். வண்டிக்கு உரிய சைஸ்தானா என்று பழைய டயரோடு வைத்துப் பார்த்தான். தேதியைப் படித்தான். பட்டன் பள்ளத்தில் விரல் நகத்தை விட்டுப் பார்த்தான், ஆழமாக இறங்கியது. எட்டு வருஷப் பழசைப் போட்டுக்கொண்டு, கொட்டுகிற மழையில், வலி கண்ட வாணியை ஏற்றி அந்த வளைவில் இறங்கியிருந்தால்? தேதியை இன்னொரு தடவை படித்தான்.

"வாணி, நான் பெரிய மடையன்" என்றான்.

"இல்லீங்க. பயந்துட்டீங்க. நானும்தான் பயந்தேன். நான் படிச்சுப் பாத்தேன், அவ்ளோதான்."

வண்டி நாலு காலில் நின்றது. வாணி ஏறப் போகும்போது குப்பம்மாள் வழியை மறித்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள்.

"தாயி! நீதான் எங்க கண்ணைத் தொறந்த சாமி. என் டிராக்டரு டயரை உன் கையால ஒருவாட்டி தொட்டு, நல்லதா கெட்டதான்னு சொல்லிட்டுப் போம்மா."

பின்னால் அதற்குள் ஒரு வரிசை உருவாகிவிட்டது. ஒருத்தர் தேங்காய் வாங்க ஓடினார்.

வாணி தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னாம்மா இது! ஒருத்தரை இப்பதான் எறக்கினீங்க. அந்த எடம் சூடு ஆறல, அதுக்குள்ள என்னை ஏத்தறீங்க? என்னைக் கும்பிடாதீங்க. குனிஞ்சு நீங்களே படிங்க. ஓட்டாம குடோன்ல போட்டு வெச்சா டயரே கெட்டுப் போவுது. மூளை மட்டும் கெடாம இருக்குமா?"